சுருளிக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு: உங்கள் கத்தி என்னிடம் இருக்கிறது

சனி, ஞாயிறுகளில் முதுகுப்பையோடு சுருளிப்பட்டி வழியாக மலைப்பக்கம் போகிற தம்பிகளே, தங்கைகளே,

உங்களில் ஒருவருடைய கத்தி ஆறு மாதமாக என் வீட்டில் இருக்கிறது. யாருடையது என்று தெரியாததால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. எங்கள் சுருளிப்பட்டியிலிருந்து சுருளி அருவிக்குப் போகிற ரோட்டை ஒட்டித்தான் என் திராட்சைத் தோட்டம். அறுப்பு நேரத்தில் ரோட்டோரம் சாக்கை விரித்து, பன்னீர்த் திராட்சையைப் பெட்டியில் வைத்து விற்போம். காலையில் நாலு பேர் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். அரை மணி நேரத்தில் அதில் ஒரு பையன் மட்டும் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான். "அங்கிள், செக்போஸ்ட்ல இதை உள்ள விட மாட்டேங்கிறாங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன், வச்சிருக்கீங்களா?" என்று கறுப்பு உறை போட்ட கத்தியையும் ஒரு சின்னப் பையையும் நீட்டினான். நான் கையில் வாங்கவில்லை. "கீழ வைப்பா, எடுத்துக்கிறேன்" என்றேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. நான் பயப்படுகிறேன் என்றோ சந்தேகப்படுகிறேன் என்றோ நினைத்திருப்பான். எங்கள் பக்கம் வெட்டுகிற சாமானைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். சண்டை வருமோ வராதோ, பிடி மாறும்போது விரல் அறுபடும். அதற்காக வந்த பழக்கம்தான், வேறொன்றுமில்லை.

சாயங்காலம் அவன் வரவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மறுநாளும் பார்த்தேன். நண்பர்களோடு வேறு வண்டியில் நேராகக் கம்பம் போயிருக்கலாம். என் போன் நம்பர் அவனுக்குத் தெரியாது, அவன் பேர் எனக்குத் தெரியாது.

அடுத்தவர் பொருள் என்று ஒரு மாதம் பரணிலேயே வைத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. பன்னிரண்டு வயதில் கதிரறுக்கப் பன்னரிவாள் பிடித்தவன், நாற்பது வருடமாகக் கவாத்துக் கத்திரி பிடிக்கிறவன். புதுக் கூர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் கை ஊறாதா? எடுத்துப் புழங்கினேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கூர் போகாமல் வைத்திருக்கிறேன், துரு ஏறவில்லை.

கத்தி நல்ல சாமான். வாய் நாலு அங்குலம், எடை நூறு கிராமை ஒட்டி. மடக்குக் கத்தி இல்லை. பிடியோடு ஒன்றாக நிற்கிறது, ஆடுகிற மூட்டு எதுவும் கிடையாது. இந்த மாதிரிக் கத்திக்குப் பேர்போன ஊர் ஸ்வீடன் நாட்டில் மோரா என்று என் மகள் படித்துச் சொன்னாள். அங்கே 1891-இல் தொடங்கிய பட்டறையின் வழிவந்தவர்கள் இன்றும் கத்தி செய்கிறார்களாம். தச்சரும் மீன்காரரும் விவசாயியும் இடுப்பில் மாட்டிக்கொண்டு அன்றாடம் புழங்குகிற மலிவான கத்தி அது. நம் ஊருக்குக் கடல் தாண்டி வந்ததும் சாகசச் சாமான் ஆகிவிட்டது. திருப்பாச்சேத்தி அரிவாளை ஸ்வீடனுக்கு அனுப்பிப் பாருங்கள், அவர்கள் சுவரில் மாட்டி வைப்பார்கள்.

வாழை இலை அறுத்தேன். சணல் அறுத்தேன். பந்தல் கம்பியில் கொடியைக் கட்டிய பழைய கட்டுகளை எடுத்தேன். முளைக்குச்சி சீவினேன், கரும்பு சீவிப் பேரனுக்குக் கொடுத்தேன். சீவுகிற வேலைக்கு இதை அடிக்க ஆள் இல்லை. வாயின் இரண்டு பக்கமும் அகலமான ஒற்றைச் சரிவாக இழைத்திருக்கிறார்கள். மரத்தின் மேல் அது தானாகப் படிந்து உட்காருகிறது, இழைப்புளி மாதிரி.

ஆனால் ஓடைக்கரையில் உண்ணிச்செடிப் புதர் ஒன்றை எடுக்கப் போனேன், அங்கே கத்தி தோற்றுவிட்டது. நாலு அங்குல வாயை வைத்துக்கொண்டு முள்ளுக்குள் கையை விட வேண்டியிருக்கிறது. அருவா அப்படியில்லை. அதன் மூக்கு வளைந்திருப்பது அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். வளைவு கிளையைக் கொக்கி போட்டு இழுத்து வாய்க்குக் கொண்டுவரும், நழுவ விடாது. எடை முழுக்க மூக்குப் பக்கம் இருப்பதால் வீச்சுக்கு அதுவே பலம். கை முள்ளுக்கு வெளியே நிற்கும். கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போனால் இதே குடும்பத்துச் சாமானுக்கு வாக்கத்தி என்று பேர். விடிவதற்குள் ஜீப்பில் ஏறிக் குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் போகிற எங்கள் ஆட்கள் இரண்டு பெயரையும் சொல்வார்கள்.

செல்போனில் பேரன் ஒரு வெள்ளைக்காரரைக் காட்டினான். இதே மாதிரிக் கத்தியை விறகின் தலையில் வைத்து, மேலே ஒரு கட்டையால் மொத்து மொத்தென்று அடித்துப் பிளக்கிறார். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், அவுக வீட்ல அருவா இல்ல போல" என்றாள்.

பையில் இருந்த மற்ற சாமான்களுக்கு வருகிறேன். நெருப்புப் பொறி தட்டுகிற ஒரு கோல், கூர் தீட்ட வைரத்தூள் பூசிய ஒரு சின்னப் பட்டை, ஒரு சுருள் நைலான் கயிறு, ஒரு விசில். இப்படிக் கத்தியோடு துணைச் சாமான்களைச் சேர்த்துக் கட்டி விற்கிற யோசனையை ஊர் ஊராகக் கொண்டுபோனதில், காட்டில் பிழைப்பதை டிவியில் காட்டுகிற பியர் கிரில்ஸ் பெயர் போட்டு 2011 வாக்கில் வந்த கத்திக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் உறையிலேயே பொறிக்கோலும் தீட்டும் பட்டையும் இருக்கும், கயிற்றில் விசில் தொங்கும். 2020 ஜனவரியில் நம் ரஜினிகாந்தும் அவரோடு பந்திப்பூர்க் காட்டில் நடந்தாரே, அதைப் பார்த்தபின்தான் எங்கள் ஊர்ப் பையன்களே இந்தக் கத்தி விலை எவ்வளவு என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் படப்பிடிப்பு முறையான அனுமதியோடு நடந்தது என்பதைப் பையன்கள் கவனிக்கவில்லை.

கயிறு பாராசூட்டுக்கு என்று செய்ததாம். 550 பவுண்டு, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 250 கிலோ தாங்கும். நல்ல கயிறு. அதை நான் அறுக்கவில்லை.

நான் அதிகம் யோசித்தது அந்தப் பொறிக்கோலைப் பற்றி.

சிகரெட் லைட்டரில் இருக்கிற கல்லும் இதுவும் ஒரே சாதி. 1903-இல் ஆஸ்திரியக்காரர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த கலவை. உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. அவர் செய்த இன்னொரு சாமானை உங்கள் தாத்தா தெரிந்து வைத்திருப்பார். திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் பட்டுத் துணிப்பை மாதிரி வெளிச்சம் விடுமே, அந்த மேன்டில் அவருடைய வேலைதான். மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும். மோனசைட் மணலில் தோரியத்தை எடுத்தபிறகு சீரியம் முதலான உலோகங்கள் மிச்சமாகக் குவிந்தன. அந்த மிச்சத்தோடு இரும்பைக் கலந்தார். சுரண்டினால் 3,000 டிகிரிச் சூட்டில் பொறி பறக்கிற உலோகம் கிடைத்தது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் நம் குமரிக் கடற்கரையில் மணவாளக்குறிச்சி மணலில் அந்த மோனசைட்டைக் கண்டுபிடித்தார். ஆக, ஸ்வீடன் கத்தியோடு வந்த அந்தக் கோலுக்கு நம் பக்கத்து மணலோடு ஒரு பழைய உறவு உண்டு.

உறவு இருந்தென்ன. அந்தக் கோல் ஈரமான நாட்டுக்குச் செய்தது. பனியும் மழையும் சொட்டுகிற காட்டில், நனைந்த மரத்தின் உள்வயிற்றைக் கத்தியால் சீவிச் சீவிச் சுருள் எடுத்து, பொறி தட்டி, ஊதி ஊதி நெருப்பு உண்டாக்க வேண்டும். அங்கே நெருப்புதான் உயிர். இங்கே மாசி, பங்குனியில் மலைச்சரிவைப் பார்த்திருக்கிறீர்களா? ஆள் உயரத்துக்குப் போதைப்புல் வைக்கோல் நிறத்தில் காய்ந்து நிற்கும். அந்தப் புல்லில் எண்ணெய் இருக்கிறது. கசக்கி மோந்தாலே தெரியும். அதன் மேல் 3,000 டிகிரிப் பொறி விழ வேண்டிய அவசியமே இல்லை, ஒரு பீடித் துண்டு போதும். காற்று மேலேறும் சரிவில் தீ மனிதனைவிட வேகமாக ஏறும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தேனி மாவட்டத்திலேயே, போடிக்கு மேலே குரங்கணி மலையில் தீ. உங்களைப் போல நடக்க வந்தவர்கள்தான் இறங்கி வரும் வழியில் அந்தப் புல்லுக்குள் மாட்டிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், பாதிக்கு மேல் இளவட்டங்கள். அந்தத் தீயை யார் வைத்தது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அவர்கள் வைத்தது என்று நான் சொல்லவும் இல்லை. எது எரிந்தது, எவ்வளவு நேரத்தில் எரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த ராத்திரி தேனி ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் யார் மலைக்கு வழி கேட்டாலும் எங்கள் ஊர்க் கிழவிகள் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அதனால்தான் அன்றைக்குச் செக்போஸ்ட்டில் அந்தப் பையனைத் திருப்பி அனுப்பியது சரி என்கிறேன். அவனுக்குக் காரணம் சொல்லியிருப்பார்களோ இல்லையோ, கூட்ட நேரத்தில் அதற்குப் பொழுது இருந்திருக்காது. நான் சொல்கிறேன். சுருளி அருவி இருக்கிற காடு மேகமலை வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2021-இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் ஐந்தாவது. 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி எழுத்து மூலம் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. ஆயுதம் என்றால் துப்பாக்கிதானே என்று கேட்பீர்கள். அந்தச் சட்டம் ஆயுதம் என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் வில், அம்பு, வலை, கண்ணி, விஷம் இவற்றோடு கத்தியும் பேர் சொல்லி வருகிறது. நாலு அங்குலமா நாற்பது அங்குலமா என்ற கணக்கே அதில் இல்லை. அதற்கு முந்தின 30-ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் ஆபத்து வரும்படி நெருப்பு மூட்டுவதைத் தடுக்கிறது. ஆக உங்கள் சாமான்களில் இரண்டு வழக்குக்கு வழி: கத்தி கேட்டைத் தாண்டியதுமே, பொறிக்கோல் உள்ளே நெருப்பு மூட்டினால்.

கத்தி வைத்திருப்பதே குற்றம் என்று இதைத் திரித்துக்கொள்ளாதீர்கள். அது வேறு சட்டம். ஆயுத விதிகளின் அட்டவணையில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள வாய். அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. எங்கள் அருவா அந்த விலக்கில்தான் பிழைக்கிறது. உங்கள் நாலு அங்குலம் அந்த அளவுக்குள்ளேயே வராது. வீட்டில் வையுங்கள், தோட்டத்தில் புழங்குங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சரணாலயத்துக்குள் மட்டும் வேண்டாம்.

மிருகம் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டானை கம்பம் தெருக்களில் நடந்தது. அதற்கடுத்த நாட்கள் முழுக்க எங்கள் சுருளிப்பட்டிப் பக்கமும் சண்முகா நதிப் பக்கமும்தான் சுற்றியது. ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றுகிற வரை நாங்கள் தோட்டத்துக்குப் போகவில்லை. பழம் கொடியிலேயே கனிந்து உதிர்ந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு அருவா இருக்கும். ஒருத்தராவது அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்களா? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். ஆனைக்கு முன்னால் கத்தி என்பது பிடித்திருக்கிறவனுக்கு வருகிற வீண் தைரியம்.

அந்தப் பையில் காட்டுக்கு மெய்யாகவே தேவையான சாமான் விசில்தான். விலை குறைவானதும் அதுதான். வழி தவறினால் மூன்று தடவை ஊது, நிறுத்து, மறுபடி மூன்று தடவை ஊது. தொண்டை கட்டும்வரை கத்துவதைவிட அது தூரம் போகும். இதை எல்லோரும் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கூர். சித்திரையில் கத்தி கொஞ்சம் மழுங்கியது, வழக்கம்போல அரம் எடுத்துப் போட்டேன். அரம் வழுக்கிக்கொண்டு போனது, கண்ணாடியில் தேய்ப்பது மாதிரி. எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகவே இருந்தது. கம்பத்தில் எனக்குப் பழக்கமான கொல்லுப்பட்டறைக்கு எடுத்துப்போனேன். அவர் வாங்கி, நகத்தில் வைத்துப் பார்த்து, பட்டறைக்கல்லில் லேசாகச் சுண்டி, காதில் வைத்துக் கேட்டார். "அண்ணே, இதுக்குத் தோய்ச்சல் கனமா விழுந்திருக்கு. அரம் கடிக்காது. கல்லுதான்" என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். நம் அருவா பெரும்பாலும் லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடிப்பது. ஆயிரக்கணக்கான மைல் குலுங்கியும் ஒடியாத இரும்பு அது. உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்து வடிவம் வந்தபிறகு, வாயை மட்டும் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார்கள், முதுகை விட்டுவிடுவார்கள். அதனால் வாய் கடினம், முதுகு வளைந்து கொடுக்கும். வாயையும் அளவுக்கு மீறிக் கடினமாக்க மாட்டார்கள், ஏனென்றால் எங்கள் அருவா கல்லிலும் படும், கம்பியிலும் படும். கடினமான வாய் கல்லில் பட்டால் பல் உடையும். கொஞ்சம் இளகிய வாய் மடங்கும். மடங்கியதை வரப்பில் உட்கார்ந்தே அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து நிமிர்த்திவிடலாம். உங்கள் கத்திக்கு அந்தப் பிழைப்பு இல்லை. அது மரத்தை மட்டும் பார்த்தது. அதனால் அதன் வாயைக் கடினமாகவே விட்டிருக்கிறார்கள். கூர் நாள்பட நிற்கும், ஆனால் கல்லில் பொறுமையாகத்தான் தீட்ட வேண்டும். அந்தச் சரிவு முழுதும் கல்லில் படியும்படி வைத்துத் தள்ளணும். பையிலிருந்த வைரத்தூள் பட்டை ஆபத்துக்கு உதவும், அவ்வளவே. நீங்கள் வீட்டுக்குப் போய் நல்ல தீட்டுக்கல் ஒன்று வாங்கித் தண்ணீர் விட்டுத் தீட்டுங்கள். இரண்டு இரும்புத் துண்டுக்கு நடுவே கத்தியை இழுக்கிற மாதிரி ஒரு சாமான் விற்கிறதே, அதை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். அது கூரைத் தீட்டவில்லை, பிய்த்து எடுக்கிறது.

பட்டறையில் பேசிக்கொண்டிருந்தபோது சுவரில் ஒரு கேமரா பார்த்தேன். "இது எதுக்குப்பா?" என்றதற்கு அவர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸ் 'ஆபரேஷன் டிஸ்ஆர்ம்' என்று ஒன்று நடத்தியது நினைவிருக்கலாம். அப்போது பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு, அருவா வாங்குகிறவன் பேர், விலாசம், போன் நம்பர், எதற்கு வாங்குகிறான் என்பதெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார்கள். கேமராவும் மாட்டச் சொன்னார்கள். கொலைகள் நடக்கின்றன, அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வாழைத்தார் வெட்ட அருவா வாங்க வருகிற அறுபது வயது ஆளிடம் எதற்கு என்று கேட்க அவருக்கே கூச்சமாக இருக்கிறதாம். உங்கள் கத்தி கூரியரில் வந்திருக்கும். எதற்கு என்று யாராவது கேட்டார்களா?

மதுரைக்குத் தெற்கே பிறந்தவன் கையில் அருவா என்றாலே சினிமாக்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் கருப்பசாமி கையிலும் அருவா இருக்கிறது, கோயிலில் நேர்த்திக்கடனுக்கு அருவா நட்டும் வைப்போம், ஒளிக்கவில்லை. ஆனால் வருடம் முழுக்க அது செய்கிற வேலையை ஒரு படத்திலாவது காட்டியிருக்கிறார்களா? தேங்காய் வெட்டும், தார் வெட்டும், வேலி கழிக்கும், ஆட்டுக்குக் குழை ஒடிக்கும். சாணை பிடித்து, பொட்டு வைத்து, ஆயுதபூசைக்கு ஒரு நாள் ஓய்வு. மற்ற 364 நாளும் கூலி வேலை.

எங்கள் குறையையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் சாமானில் நான் பொறாமைப்பட்டது கத்தியைப் பார்த்து இல்லை, உறையைப் பார்த்து. சரக்கென்று உள்ளே போய்க் கிடுக்கென்று பிடித்துக்கொள்கிறது. தலைகீழாகப் பிடித்தாலும் விழவில்லை. எங்கள் அருவாவுக்கு உறை கிடையாது. கூரையில் செருகுவோம், பந்தல் கல்தூணில் சாய்ப்போம், சைக்கிள் கேரியரில் சாக்கைச் சுற்றி வைப்போம். பஸ்ஸில் கண்டக்டர் திட்டுவார். என் இடது கைப் பெருவிரலில் அரை அங்குலத் தழும்பு இருக்கிறது. வெட்டும்போது வந்தது இல்லை, கூரையில் தடவி எடுக்கும்போது வந்தது. ஊசி போட்டு நாலு தையல். என் தம்பி மகனுக்குக் குதிகாலில். இத்தனை தலைமுறையாக அருவா அடிக்கிற நாம் அதற்கு ஒரு வீடு கட்டித் தரவில்லை. இந்த ஆறு மாதத்தில் பழைய டயர் ரப்பரை வெட்டி, ஆணி அடித்து, என் அருவாவுக்கு ஓர் உறை செய்துவிட்டேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் விரல் பிழைக்கும்.

உறையோடு, துணைச் சாமான்களோடு இடுப்பில் கத்தி கட்டுகிற வழக்கம் நம்மிடம் இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. என் மைத்துனர் பெண் எடுத்தது உடன்குடிப் பக்கம். அங்கே பனையேறிகளைப் பார்த்திருக்கிறேன். இடுப்புக்குப் பின்னால் அரிவாள் பெட்டி. அதற்குள் பாளை சீவுகிற அரிவாள், தாள் கனத்துக்குக் கூர். பாளையை நசுக்க இடுக்கி. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவச் சுண்ணாம்பு. மரத்தடியில் தீட்டுப் பலகை. அதில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, அரிவாளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இழைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். மழுங்கிய அரிவாள் பாளையை நசுக்கிவிடும், சொட்டுவது நின்றுவிடும். அந்தப் பெட்டியில் ஒரு சாமான்கூட வெறும் ஜம்பத்துக்கு இல்லை. அந்த மரம் கேட்டதை மட்டும் இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். உங்கள் பை ஸ்வீடன் காடு கேட்டதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது, தப்பு அதன் மேல் இல்லை.

மேகமலை என்ன கேட்கிறது? தண்ணீர் கேட்கிறது, இரண்டு லிட்டருக்குக் குறையாமல். மழைக்காலத்தில் அட்டை ஏறும். கொஞ்சம் சுண்ணாம்போ உப்போ துணியில் முடிந்து வையுங்கள். ஒரு பருத்தித் துண்டு: வெயிலுக்குத் தலையில் கட்டலாம், அடிபட்டால் காலில் கட்டலாம். கையில் ஒரு கம்பு, பாம்புக்குத் தட்டிக்கொண்டே போக. கழுத்தில் அந்த விசில். எல்லாவற்றுக்கும் முன்னால் அனுமதிச் சீட்டு. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை வழியாக 40 தடங்களையும் திறந்துவிட்டிருக்கிறது, வழிகாட்டி கூடவே வருவார். அவர் பெரும்பாலும் அந்தக் காட்டு ஓரத்திலேயே பிறந்தவராக இருப்பார். எங்கள் பக்கத்துப் பளியர் மக்கள் தேன் எடுக்கப் பாறையில் கொடியைக் கட்டி இறங்குகிறவர்கள். அவர்களில் ஒருவர் முன்னால் நடந்தால் உங்கள் பையில் எது தேவை, எது சுமை என்பது முதல் மைலிலேயே தெரிந்துவிடும்.

கத்தியைப் புழங்க ஆசையா? அதற்குக் காடு எதற்கு, எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயர் பெருத்துவிட்டது. கவாத்துக்கு ஆள் மட்டும் கிடைப்பதில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் காய்ப்பதில்லை, அதனால் வருடம் முழுக்க எங்காவது கவாத்து நடந்துகொண்டே இருக்கும். வெட்டினதிலிருந்து ஏறக்குறைய 120 நாளில் பழம். எத்தனை கணு விட்டு வெட்டுவது, சரிவு எந்தப் பக்கம் இருக்க வேண்டும், மொன்னைக் கத்திரியால் கொடி நசுங்கினால் நோய் எப்படி ஏறும் என்றெல்லாம் என் வீட்டுக்காரி சொல்லித் தருவாள். என்னைவிட அவளுக்குக் கை சுத்தம். மத்தியானம் சோறு உண்டு. முதல் நாள் நீங்கள் வெட்டுவது ஒன்றும் உருப்படாது, கூலி கேட்கக் கூடாது.

கடைசியாக அந்தப் பையனுக்கு. தம்பி, உறைக்கு அடியில் வெள்ளை மையில் இரண்டு எழுத்து எழுதியிருக்கிறாய். அந்த இரண்டையும் சொல்கிறவருக்குத்தான் கத்தி. அருவி ரோட்டில், பந்தலுக்கு முன்னால் ஒரு புங்கமரமும் சாக்கு விரித்த திராட்சைப் பெட்டிகளும் இருக்கிற தோட்டம். கீழே வைத்துத்தான் தருவேன், எடுத்துக்கொள். விசிலை மட்டும் பேரன் கழுத்திலிருந்து கழற்ற மாட்டேன் என்கிறான். அதை நீயே அவனிடம் பேசி வாங்கிக்கொள்.